ஆயுதச் சட்டம் கேட்ட நேரம்

"1986 மாசி. வெள்ளி. காலை. வடமேற்கிலிருந்து ஹெலி. ஒன்று. தாழப் பறக்கிறது. அக்கா வீட்டுப் பக்கம் புகை."

தந்திப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. கையெழுத்து என்னுடையது. புகை என்ற சொல்லோடு குறிப்பு நிற்கிறது. அதற்குப் பிறகு எழுத நேரமில்லை.

ஓடுகிறேன். மணல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி. தலைக்கு மேலே அந்தச் சத்தம். தூரத்தில் இருக்கும்போது யாரோ கல்லில் துணி தோய்ப்பது போல இருக்கும். கிட்ட வந்தால் நம் நெஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். யாரோ கத்துகிறார்கள்.

"படுங்கோ! திரும்பி வருது! நிலத்தில படுங்கோ!"

படுக்கிறேன். வாயில் மண். ஒரு சீறல். பிறகு ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு காற்று. சத்தம் அதற்குப் பிறகுதான். இதைக் கேட்ட பலர் சத்தம்தான் முதலில் என்கிறார்கள். எனக்கு முதலில் வந்தது காற்று. அப்படியே பதிகிறேன்.

எழுந்தேன். ஓடினேன். அக்காவின் வீட்டு வளவைச் சுற்றியிருந்த வேலியைக் காணவில்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலா முறிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அத்தான் கிடந்தார். செல்லையா. என் அக்கா சிவபாக்கியத்தின் கணவர். வயது ஐம்பத்திரண்டு. புகையிலைத் தோட்டக்காரர். பிள்ளைகள் இல்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நிலையில் அவர் இல்லை.

அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். கையில் அகப்பை. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"தம்பி, அடுப்பை நூர்த்துவிடு."

போய் அணைத்தேன். பானையில் சோறு. வேகவில்லை. அப்போது அதை நான் கவனித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் வந்த பல மாதங்கள் வேறு மாதிரிப் போயிருக்கும்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். பெயர் பொன்னுத்துரை. இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு கிராமத்துத் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். கிராமத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கலியாணம் செய்யவில்லை. பகலில் முத்திரை குத்துவேன். மாலையில் வாசிப்பேன். கையில் எது கிடைத்தாலும் வாசிப்பேன். சரித்திரம், சட்டம், பழைய பத்திரிகை. இருபது வருடம் நாள் தவறாமல் திகதி முத்திரையை மாற்றி வைத்தவன். நாள் குறிக்காமல் எதையும் நினைக்கத் தெரியாது.

அன்றே தகனம். கிணற்றடியில் ஹெலி விட்ட ராக்கெட்டின் வால் கிடந்தது. ஒரு முழம் நீளக் குழாய். ஒரு முனை கிழிந்திருந்தது. கரிக்கு அடியில் மஞ்சள் வர்ணத்தில் எழுத்துகள். இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு கோடு, நாலு இலக்கம். பிரதி செய்துகொண்டேன். குழாயைச் சாக்கில் சுற்றினேன். நாலாம் நாள் படகு. ஐந்தாம் நாள் இந்தியா. பிறகு லாரி. லாரி எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை. இறக்கிவிட்ட இடத்தில் கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பரமத்தி வேலூர். சேலம் மாவட்டம்.

அகதி முகாம் கொட்டகைகள். நடுவே தார்ப்பாய் மறைப்பு. ஒரு மறைப்புக்குள் அக்காவும் நானும். வெளியே வந்தால் வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால். அதற்கு அப்பால் காவிரி. எங்கள் ஊரில் ஆறு இல்லை. இவ்வளவு நன்னீர் ஓடுவதை முதன்முதலாகப் பார்க்கிறேன். பார்க்கச் சொல்லிக் காட்ட யாரும் இல்லை. அக்கா மறைப்பை விட்டு வெளியே வரவில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு மத்தியானம் சாலையில் ஒரு லாரி நின்றது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரி. திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டி. கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தார்கள். அடிவயிற்றில் இறங்கும் இரைச்சல். கொட்டகை முழுவதும் தரையில் படுத்தது. கிழவர்கள், குழந்தைகள், குளித்துக்கொண்டிருந்த பெண்கள். நானும் படுத்தேன். வண்டிக்காரர் பயந்து எஞ்சினை நிறுத்தினார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? யாருக்காச்சும் அடி பட்டுருச்சுங்களா?"

ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதோடுதான் துடக்கு, சாவுத் தீட்டு, கழியும். ஆற்றங்கரையில் கிரியை செய்பவருக்கு இந்தச் சொல்லே புதிது.

"பதினாறு நாள்லயே கருமாதி முடிச்சிருக்கோணுமுங்க. முப்பத்தொண்ணுங்கறது எந்த ஊர்க் கணக்குங்க?"

"எங்கட ஊர்க் கணக்கு ஐயா."

"செரி, ஊருக்கு ஒரு கணக்கு. உக்காருங்க சாமி."

மகன் இல்லாத வீடு. மைத்துனன் நான் உட்கார்ந்தேன். தண்ணீரில் இறங்கினேன். திரும்பி வரும்போது மறைப்புக்குள் மஞ்சள் தண்ணீர் வாசம். அந்தியேட்டி அன்று வீட்டில் உள்ள எல்லாவற்றையும் கழுவ வேண்டும். அக்கா கழுவியிருந்தாள். பாய், பானை, செம்பு, விளக்கு. சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து வரிசையாகக் கவிழ்த்திருந்தாள். வரிசையின் கடைசியில் ராக்கெட்டின் வால். பளபளவென்று. கரி இல்லை. மஞ்சள் எழுத்தும் இல்லை.

"என்னக்கா செய்து வச்சிருக்கிறாய்?"

"துடக்கு வீட்டுச் சாமான். கழுவாமல் எப்பிடி வைக்கிறது?"

"அது சாட்சி!"

"அதில அவரின்ர ரத்தம் இருந்தது."

அந்த மாதத்தில் நாங்கள் பேசியதில் மிக நீளமான பேச்சு அதுதான்.

சித்திரையில் வக்கீல் குமரவேல் வந்தார். சேலத்துக்காரர். நெசவுக் குடும்பம். அப்பா இன்னும் தறியில் உட்காருகிறார் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். முப்பது வயது இருக்கும். தோளில் ஜோல்னாப் பை, பை நிறையக் காகிதம். சென்னையில் சிலர் சேர்ந்து அகதிகளிடம் சத்தியக் கடதாசி வாங்குகிறார்கள், சேலம் மாவட்டத்துக்கு நான் என்றார். இங்கே அதை அபிடவிட் என்கிறார்கள். ஏன், யாருக்கு என்று கேட்டேன். அப்போதுதான் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார்.

எனக்கு அது பாதி தெரியும். அமெரிக்காவில் எழுபதுகளின் நடுவில் ஒரு சட்டத்தில் பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். மனித உரிமைகளைத் தொடர்ச்சியாகவும் மோசமாகவும் மீறுகிற அரசுக்குப் பாதுகாப்பு உதவி கூடாது. ஆயுத விற்பனையும் அதில் அடங்கும். அசாதாரணச் சூழ்நிலை என்றால் விலக்கு உண்டு. ஊரில் இருந்தபோது பழைய சஞ்சிகை ஒன்றில் வாசித்திருக்கிறேன். பக்கத்தைக் கிழித்துக்கூட வைத்தேன். அப்போது அது எங்கோ தென் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான சட்டம் என்று நினைத்தேன்.

குமரவேல் சொன்னது வேறொரு நாட்டைப் பற்றி. அதன் பெயரை நான் எழுதமாட்டேன். காரணம் கடைசியில் விளங்கும். அந்த நாட்டிலும் இதே போல ஒரு மசோதா வந்திருக்கிறது. நிறைவேறினால், ஆயுதம் வாங்குகிற அரசு தன் குடிமக்களை எப்படி நடத்துகிறது என்று பார்த்துத்தான் விற்பனைக்கு அனுமதி. மசோதாவை ஆராயும் குழு சாட்சியம் கேட்கிறது. எங்கள் மேல் விழுந்தது அந்த நாட்டுச் சரக்கு என்று சென்னையில் இருப்பவர்கள் நம்புகிறார்கள்.

ராக்கெட்டின் வாலை எடுத்துக் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து ஏதும் இல்லீங்களே."

"இருந்தது. கழுவியாச்சு. பிரதி இருக்கு."

அவர் என் பிரதியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது நீங்க எழுதுனதுங்க. நாளைக்கே ஒருத்தர், ஊட்டுல உக்காந்து எழுதிக்கிட்டாங்கன்னு சொல்லிப்போடுவாரு. எதுக்கும் போட்டோ எடுத்துப்போடலாம்."

நாமக்கல்லுக்கு பஸ் ஏறினோம். போட்டோ ஸ்டூடியோவில் திரைச்சீலை. அதில் அருவியும் இரண்டு மயிலும். ஸ்டூடியோக்காரர் குழாயை வாங்கி ஒரு ஸ்டூலில் நிறுத்தினார். திருப்தி இல்லை.

"மொட்டையா நிக்குதுங்க. ரண்டு பூ வெக்கட்டுங்களா?"

"வேணாமுங்க. திரையைச் சுருட்டுங்க" என்றார் குமரவேல்.

வெறும் சுவருக்கு முன்னால் எடுத்தார்கள். படம் தெளிவாக வந்தது. வெள்ளையாக ஒரு குழாய். யாருடையதும் அல்லாத ஒரு குழாய்.

ஆக, பொருள் இல்லை. மிச்சம் இருந்தது கண்ணால் கண்ட சாட்சி. அது நான் இல்லை. நான் கண்டது புகை. கண்டது அக்கா மட்டும். அவள் சொன்னால் அத்தானின் சாவு அந்தச் சட்டத்தின் கணக்கில் ஏறும். சொல்லாவிட்டால் ஏறாது. தொடர்ச்சியாக என்கிறது சட்டம். ஒரு சாவு தொடர்ச்சி ஆகாது. பல சாவுகளை அடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்றார் குமரவேல். அத்தான் இல்லாமல் அந்த அடுக்கு நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அக்கா தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்தாள். நாலாம் தடவை, வைகாசியில், தானாகவே வெளியே வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்கோ. ஒருக்காத்தான் சொல்லுவன்."

சொன்னாள். நான் குறிப்பெடுத்தேன். அவள் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

அன்று அத்தான் தோட்டத்துக்குப் போக வெளிக்கிட்டார். வாசல் படலையடியில் இரண்டு பொடியன்கள். தோளில் துவக்கு. இங்கே துப்பாக்கி என்பார்கள். எந்த இயக்கம் என்று கேட்கவில்லை. அந்த நாளில் கேட்பதில்லை. தண்ணீர் கேட்டார்கள். அத்தான் துலாவை இறக்கி அள்ளி, செம்பில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தார்கள். பின்வேலிப் பொட்டால், அந்த ஓட்டை வழியே, போனார்கள். இனிச் சோறு தின்றுவிட்டே போகிறேன் என்று அத்தான் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். பிறகு ஹெலி.

குமரவேலின் பேனா துவக்கு என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. அக்கா முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"அம்மா, அந்தப் பசங்களை உட்டுறலாமுங்க."

"எங்க விடுறது?"

"எழுத்துல இல்லாம உட்டுறலாமுங்க. நான் பொய் சொல்லச் சொல்லலீங்க. சொல்லாம இருங்கன்னுதான் சொல்றேன். ஆயுதம் வெச்சிருந்தவங்க ஊட்டுக்கு வந்தாங்கன்னு எழுதுனா, அப்ப அது போர் நடந்த எடம்னு அவங்க சொல்லிப்போடுவாங்க. அதுக்கப்புறம் இந்தச் சட்டம் நமக்கு ஆகாதுங்க."

"அவர் தோட்டத்துக்குப் போற மனுசன். அந்த நேரம் வீட்டில ஏன் நிண்டவர் எண்டு கேட்டால் என்ன எழுதுவியள்?"

"ஒடம்பு சரியில்லைன்னு..."

"அவருக்கு ஒரு நாளும் உடம்புக்கு வந்ததில்லை."

"குளிக்க நின்னாருன்னு வெச்சுக்கலாம்."

"விடியவே குளிச்சிட்டார்."

குமரவேல் என்னைப் பார்த்தார். நானும் கேட்டேன். அக்கா, இது அத்தானுக்காக. அவர் பேர் ஏறவேணும் எண்டால் இது ஒன்றை விட்டுவிடு. இதற்கு அவள் சொன்ன பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திருக்கிறேன்.

"தண்ணி கேட்டவைக்குத் தண்ணி குடுத்தவர். அவர் கடைசியாச் செய்த வேலை அது. அதை வெட்டிப்போட்டு மிச்சத்தை எழுதினால் அது வேற ஆரின்ரையோ சாவு. அதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

வெளியே கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"சரிங்கம்மா. நீங்க சொன்ன மாதிரியே எழுதறேன். அப்பறம் அவங்க என்ன கேட்டாலும் எம்மேல வருத்தப்படக் கூடாது."

எழுதினார். நாமக்கல்லில் நோட்டரி முன்னால் அக்கா கையெழுத்து வைத்தாள். சிவபாக்கியம் செல்லையா. இரண்டு பெயருக்கும் நடுவே இடைவெளி விடாமல் எழுதினாள். ஆனி முதல் வாரம் சென்னைக்குப் போயிற்று. அங்கிருந்து வெளிநாடு.

ஐப்பசியில் கேள்வி வந்தது. சாட்சியத்தின் மேல் கேள்வி வருவது நல்ல குறி, வாசித்திருக்கிறார்கள் என்றார் குமரவேல். ஒரே ஒரு கேள்வி. ஆயுதம் தாங்கிய இருவர் அகன்றதற்கும் தாக்குதலுக்கும் இடையே எவ்வளவு நேரம்?

சட்டத்தில் அதற்கு எண் இல்லை. நான் கேட்டேன். இத்தனை நிமிடம் என்றால் போர், இத்தனை என்றால் கொலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் குழுவில் இருப்பவர்கள் ஒரு எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அரை மணி என்றால் பொடியன்கள் தூரம் போய்விட்டார்கள். இரண்டு நிமிடம் என்றால் இன்னும் வேலியோரம் நிற்கிறார்கள். இடையில் என்னவென்று தெரியவில்லை.

"அரை மணி நேரம்னு சொன்னாத் தேவலீங்க" என்றார் குமரவேல். உடனே கையை உயர்த்தினார். "இல்லீங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லலை."

அக்காவிடம் மணிக்கூடு இருந்ததில்லை. அவள் நேரம் பார்க்கிற விதம் வேறு.

"அவை பொட்டால போகேக்க உலை கொதிச்சது. அரிசியைப் போட்டன். ஹெலிச் சத்தம் கேக்கேக்க ஒரு சோத்தை எடுத்து நசிச்சுப் பாத்தனான். நடுவில வெள்ளை இருந்தது."

அரிசி போட்டதிலிருந்து, நசுக்கினால் நடுவில் வெள்ளை தெரிகிற பதம் வரை. அதுதான் இடைவெளி. அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. நிமிடம்தான் தெரியாது.

ஆக்கிப் பார்த்தேன். கொட்டகைக்கு வெளியே மூன்று கல் வைத்து, அலுமினியப் பானையில் உலை வைத்து, கையில் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு. முதல் நாள் நிவாரண அரிசி. ஒன்பது நிமிடத்தில் அந்தப் பதம். அக்கா ஒரு சோற்றை எடுத்து நசுக்கினாள்.

"பதம் இதுதான். அரிசி இதில்லை. எங்கட அரிசி இவ்வளவு கெதியா அவியாது."

மறுநாள் மழை. விறகு ஈரம். பதினான்கு நிமிடம். நான் அடுப்பு ஊதுவதைப் பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள். தலையில் கூடை.

"ஏனுங்கண்ணா, நேத்தும் நீங்கதான் சோறாக்குனீங்க, இன்னைக்கும் நீங்கதான். கையில வாச்சு வேற. பரிச்சைக்குப் படிக்கறீங்களா?"

விளக்கிச் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"உங்கூரு அரிசி எப்படிங்க இருக்கும்?"

"சிவப்பு. புழுங்கல். வீட்டில குத்தினது."

மறுநாள் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். யாரிடமோ கேட்டு வாங்கிய கைக்குத்தல் அரிசி. இலேசான சிவப்பு. அன்று பத்தொன்பது நிமிடம். அக்கா நசுக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"கிட்ட வருது. ஆனால் இதுவும் இல்லை. அது மண்பானை தம்பி. விறகு பனை மட்டை. இது என்னவோ முள்ளு."

வெந்த சோறு மூன்று பேருக்குப் போதும். பழனியம்மாளையும் உட்காரச் சொன்னோம். மூவரும் சாப்பிட்டோம். ஊரை விட்ட பிறகு அக்கா இன்னொருவருக்குப் பரிமாறியது அன்றுதான்.

பதில் எழுதினோம். ஒன்பது நிமிடத்துக்கும் பத்தொன்பது நிமிடத்துக்கும் இடையில். அதற்குக் கீழே அரிசியைப் பற்றி, பானையைப் பற்றி, விறகைப் பற்றி ஒரு பத்தி. குமரவேல் அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் ஆக்கப் பாடுபட்டார். இப்படி ஒரு அபிடவிட் சேலம் கோர்ட்டில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்றார். ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்று மட்டும் அவர் மறுபடி கேட்கவில்லை.

1987 பங்குனியில் சென்னையிலிருந்து தகவல். சாட்சியங்கள் குழுவிடம் சேர்ந்தன. பெரும்பாலானவை ஏற்கப்பட்டன. சிவபாக்கியத்தின் சாட்சியம் தனியே பிரிக்கப்பட்டது. மேலும் விசாரிக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ். விசாரிக்க யாரும் வரவில்லை. மசோதா அந்தக் கூட்டத்தொடரில் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அடுத்ததில் வந்ததா என்று தெரியவில்லை. அங்கிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அக்காவிடம் சொன்னேன்.

"எங்கட காகிதத்தைத் தள்ளிப்போட்டினம் அக்கா. அந்தப் பொடியன்களை எழுதினதாலதான்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தள்ளட்டும். வாசிச்சவைதானே. வாசிச்ச ஆளுக்குத் தெரியும், தண்ணி குடுத்த மனுசன் எண்டு."

எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை. சட்டம் என்பது வாசிப்பதற்கு மட்டும் இல்லை. அதன் முன்னால் ஒரு சாவு நிற்க வேண்டும் என்றால், அந்தச் சாவில் யாருக்கும் தண்ணீர் கொடுத்திருக்கக் கூடாது என்று ஆகிறது. அப்படி ஒரு சாவை எங்கள் பக்கத்தில் தேடினால் கிடைப்பது அரிது. அங்கே எல்லா வீட்டுக்கும் யாரோ வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார்கள்.

1988 தையில் அக்கா திரும்பிப் போனாள். ஒப்பந்தம் வந்ததும் ஊர் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் விட்டார்கள். கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். தூர்ந்துபோக விடக் கூடாது என்றாள். நான் போகவில்லை. என் கந்தோர் இல்லை. வேலை இல்லை. கரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பார்சல் ஆபீஸில் கணக்கெழுதுகிறேன். காலையில் போய் மாலையில் வருகிறேன். திகதி முத்திரை அங்கேயும் உண்டு.

மறைப்புக்குள் இப்போது நான் மட்டும். மாலையில் பேச ஆள் இல்லை. இங்கே எல்லாரும் என்னைச் சாமி என்றும் அண்ணா என்றும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். பொன்னுத்துரை என்று கூப்பிட ஒருவரும் இல்லை. தம்பி என்று கூப்பிடவும் இல்லை. ராக்கெட்டின் வால் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. அதில் எழுத்து இல்லாதபடியால் எந்த நாடு செய்தது என்று நான் சொல்ல முடியாது. என் பிரதி மட்டும் போதாது. ஆகவேதான் அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை.

இதை எழுதுவது 1989 கார்த்திகை. இழப்பைக் குறித்து முடிக்கிறேன்.

அன்று எங்கள் ஒழுங்கையில் இறந்தவர்கள் மூவர். செல்லையா. ஒழுங்கை முனை வீட்டுக் கனகம்மா. அவருடைய மருமகள் இராசாத்தி. படகில் இறந்தது ஒரு கைக்குழந்தை. பெயர் வைத்திருக்கவில்லை. தாயின் அனுமதி இல்லாததால் தாயின் பெயரும் தரவில்லை.

வீடு ஒன்று. துலா ஒன்று. பசு இரண்டு. ஒன்று சினை. என் புத்தக அலமாரி. அதில் நூற்றுக்கு மேல் புத்தகம், பட்டியல் என்னிடம் இல்லை. காயப் போட்டிருந்த புகையிலை முழுவதும்.

அக்காவை இதில் சேர்க்கவில்லை. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு நான் எழுதிய நாலு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அந்தப் பக்கம் தபால் ஓடவில்லை என்கிறார்கள். தபாலில் வேலை செய்தவன் நான். பதில் வராததை மரணமாகப் பதியமாட்டேன்.

நாலு கடிதத்திலும் ஒன்றையே கேட்டிருக்கிறேன். நம் ஊர்ச் சிவப்பு அரிசி. மண்பானை. பனை மட்டை. யாரிடமாவது மணிக்கூடு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள். அரிசி போட்டதிலிருந்து நடுவில் வெள்ளை தெரிகிற வரை எவ்வளவு என்று எழுது.

அந்த இருவரும் வேலிப் பொட்டால் போனதற்கும் ஹெலி வந்ததற்கும் இடையே இருந்த நேரம்: ஒன்பது நிமிடத்துக்குக் குறையாது. பத்தொன்பதுக்கு மேலும் இருக்கலாம். சரிபார்க்கப்படவில்லை.